இரண்டடி ஏழங்குலம்

மாரிக்கு முன்னம் கூரைக்கு எஸ்டிமேட் வேண்டுமாம்.
அளவு நாடா, பென்சில், ஒரு போத்தல் தண்ணீர்.
திருகோணமலையில் புரட்டாதி.
கச்சான் ஓய்ந்து, வாடை இன்னும் கிளம்பாத நாட்கள்.
உள்துறைமுகம் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கிறது.

ஊரில் இதற்கு இங்கிலீஷ் கோயில் என்றுதான் பேர்.
இங்கிலீஷ்காரர் ஒருவருமில்லை.
ஞாயிறுகளில் பதினாலு குடும்பம்,
வாசற்படியில் பொலித்தீன் மெல்லும் இரண்டு புள்ளிமான்,
சாவிக்கொத்தோடு எபநேசர்.

சுவர் இரண்டடி ஏழங்குலம்.
முருகைக்கல், சுண்ணாம்பு.
கூரைச் சரிவு ஐம்பத்தைந்து பாகை:
விழவே விழாத பனி வழுக்கிப் போவதற்கு.
எங்கோ குளிரில் ஒரு மேசையருகே இருந்து
ஒருவன் கீறிக் கப்பலில் அனுப்பியிருக்கிறான்.
வேர்வை துடைத்துத் துடைத்து
மேசன்மார் ஒரு பாகையும் குறைக்காமல் கட்டியிருக்கிறார்கள்.

சன்னல்கள் உயரம், கூர்முனை, குறுகல்.
கண்ணாடி திறக்காது.
வெளிச்சம் வரலாம், காற்று வரக்கூடாது.
உள்ளே நிற்பது
நீத்துப்பெட்டிக்குள் நிற்பதுபோல.

மேற்குச் சுவரில், தரையிலிருந்து ஏழடியில்
ஒரு துளை. என் பெருவிரல் கொள்ளும்.
"குருவிக்கு விட்டது" என்றார் எபநேசர்.
குருவிக்கு யார் பித்தளைக் குழாய் பதிப்பார்கள்?
ஏணியை வெளியே கொண்டுபோய் வைத்து ஏறினேன்.
குழாயின் கீழுதட்டில் பள்ளம்,
வழவழவென்று, ஒரு விரற்கணு ஆழம்.
கயிறு தின்ற பள்ளம்.

திரும்பி உள்ளே வந்து அண்ணாந்தேன்.
தேக்கு உத்தரத்தில் வரிசையாய் ஏழு கொக்கி.

பங்கா.

அங்கி அறை அலுமாரியில்
கறையான் மிச்சம் விட்ட கணக்குப் புத்தகம்.
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழு.
பங்காக்காரன், மாதம் இரண்டு ரூபாய்.
பேர் எழுதும் இடத்தில் ஒரு கோடு.
அதற்குக் கீழே சிவப்பு மையில்:
நித்திரை. அபராதம் ஆறு சதம்.
மாசியில் ஒன்று, பங்குனியில் மூன்று,
சித்திரையில் எல்லா ஞாயிறும்.

உள்ளே நித்திரை கொண்டவர்களுக்கு
என்ன அபராதமென்று புத்தகத்தில் இல்லை.

சுவரெல்லாம் சலவைக்கல்.
மிட்ஷிப்மன், பத்தொன்பது வயது, காய்ச்சல்.
லெப்டினன்டின் மனைவி, இருபத்திரண்டு, காய்ச்சல்.
பெயர் தெரியாத குழந்தையும் அவளோடு.
எழுத்துகள் இன்னும் கூர்.
அவர்களுக்கும் வேர்த்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை.
பிடரியில் காற்றுப் பட்டபோது
அவள் ஒருதரம் திரும்பிப் பார்த்திருக்கலாம்.
கயிறுதான் தெரிந்திருக்கும்,
சுவருக்குள் போவதும் வருவதுமாக.

அவனுக்கு இந்தத் துளைவழி கேட்டது என்ன?
பாட்டு. பிறகு நீண்ட பேச்சு. பிறகும் பாட்டு.
மற்றக் காதில் காளிகோயில் மணி.
காலை ஆராதனைக்கு நிழல்,
மாலை ஆராதனைக்கு முழு வெயில்.
கையில்தான் கட்டியிருந்தானோ கயிற்றை,
காற்பெருவிரலிலோ.
விரலிலென்றால் படுத்துக்கொண்டே ஆட்டலாம்,
நித்திரையும் வரும். ஆறு சதம்.

எஸ்டிமேட் பாரத்தில் ஒரு வரி தயாராக இருக்கிறது:
வெடிப்பு, துளை முதலியன சீமெந்தால் அடைத்தல்.
எண்ணிக்கை மட்டும் நான் போடவேண்டும்.
"அடைச்சு விடுங்கோ பிள்ளை, பல்லி வருது" என்றார் எபநேசர்.
வரைபடத்தில் சின்ன வட்டம் போட்டேன்.
பக்கத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
எழுதினேன், அழித்தேன்,
தாள் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது.

மணி மூன்றரை.
மறுபடி வெளியே ஏணி. முதுகில் வெயில்.
எபநேசரை உள்ளே பெஞ்சில் ஏறி நிற்கச் சொல்லி
நாடாவின் நுனியைத் துளைக்குள் விட்டேன்.
பிடித்தார். இழுத்தேன்.
அவரும் தன் பக்கம் இழுத்தார்.
கொஞ்சநேரம் அப்படியே, இங்கும் அங்குமாக.

"எவ்வளவு?" சுவருக்குள்ளிருந்து குரல்.

இரண்டடி ஏழங்குலம் என்றேன்.