இன்ஜின் சத்தம்

விளக்கை அணைத்துக்கொண்டு வந்தாலும்
காசிமேட்டில் சொல்லிவிடுவார்கள்:
இந்த இருமல் தேசிங்கோட போட்டு.

ஐஸ் கம்பெனிக் கணக்கு எழுதும்
என் லேப்டாப்பும் அப்படித்தான்.
குக்கீயை அழித்தேன், பெயரை மாற்றினேன்.
ஏதோ ஒரு பக்கம்
கண்ணுக்குத் தெரியாமல் ஒரு படம் வரையச் சொல்ல
கிராபிக்ஸ் கார்டு
தன் கோணல் கையெழுத்திலேயே
வரைந்து கொடுத்திருக்கிறது.
மறுநாள் விளம்பரம்:
கருத்தரிப்பு மையம், ராயபுரம் கிளை, எளிய தவணை.

தேசிங்கிடமே நான் இன்னும் சொல்லாதது.

இப்போது வேறு பிரவுசர்.
கேட்கும்போதெல்லாம்
ஓரிரு புள்ளியைக் கலைத்துவைத்துப்
பொய் சொல்கிறது.
சொல்லட்டும்.

மணி மூன்றரை.
ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.
அந்த இருமல் மட்டும்
மாறாமல் வரணும்.