உப்பின் இரண்டாம் தசமம்

பத்து மாவுங்கில் இரவு மணி இரண்டு.
இரண்டாம் பாலத்தின் விளக்குகள் மழையில் கரைகின்றன.
ஸுல்ஹைரி வாங்கிவந்த மீ கோரெங்கில்
உப்பு தூக்கல்.
திரையிலும் அப்படித்தான்.

நாற்பத்தொன்று மேலே வந்திருக்கிறது.
பத்து நாளைக்கு ஒருமுறை வரும்.
இரண்டாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து
தன் பாட்டுக்கு ஏறி
வானத்துக்கு நாலு வரி சொல்லிவிட்டு
மறுபடி முங்கிவிடும்.
ஆளுயர மஞ்சள் குழாய்.
கொரியாக்காரர் செய்தது,
பிரெஞ்சுக் கப்பல் இறக்கியது,
கணக்கு மட்டும் எங்கள் பேரில்.
இருப்பிடம் தெற்கே, வெகு தெற்கே.
கிட்டத்தில் நிலம் என்று சொல்ல
பென்குயின்கள் சண்டை போடும் ஒரு பாறை.

அங்கே அடியாழத்து உப்பு
அரசாங்கக் கோப்பைவிட மெதுவாக நகரும்.
முப்பத்துநான்கு புள்ளி ஏழு இரண்டு,
ஆண்டுக்கணக்கில் அதே எண்.
இது சொல்கிறது: புள்ளி எட்டு ஒன்று.

கருவி பொய் சொல்கிறதா,
கடல் மாறிவிட்டதா?
முதலாவது என்றால்
'கெட்டது' என்று ஒரு பொத்தானை அழுத்திவிட்டு
வீட்டுக்குப் போகலாம்.
இரண்டாவது என்றால்
யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

டர்பனில் நொம்வுலாவுக்கு எழுதினேன்.
அவள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும்
வேறு வேறு துறைமுகங்களில் இறங்கியவை.
'பொறு. எங்கள் கப்பல் ஒன்று
தீவுக்கு மாவும் மருத்துவரும் கொண்டுபோகிறது.
கேட்டுப் பார்க்கிறேன்.'
ஹோபார்ட்டிலிருந்து யாரோ, பேர் போடாமல்,
பக்கத்து மூன்று மிதவைகளின் கணக்கை அனுப்பினார்.
பக்கத்து என்றால்
அறுநூறு கிலோமீட்டர்.

அந்தக் கப்பல் தன் வழியைவிட்டு
அரை நாள் விலகியது.
எண்ணெய்ச் செலவை யார் தலையில் எழுதினார்களோ.
ஐந்து மீட்டர் அலை.
கம்பி இறங்க ஒரு மணி, ஏற ஒரு மணி.
யாரோ ஒருவர் கையுறையைக் கழற்றி
கண்ணாடிப் புட்டியை மும்முறை அலசி
அந்த ஆழத்தின் தண்ணீரை நிரப்பி
மூடியிருக்கிறார்.

அந்த வாரம் முழுக்க நான்
பாயான் லெப்பாஸ் வீட்டில்
பருப்புக்கு இருமுறை உப்புப் போட்டேன்.

ஒரு ஞாயிறு நினைவுக்கு வந்தது.
சுமத்ராவில் தரை அசைந்து
இங்கே தண்ணீர் வந்துசேர
மணிக்கணக்கு ஆனது.
அத்தனை நேரமும் பத்து பெரிங்கி மணலில்
பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.
தெரிந்தவர்கள் எங்கோ இருந்தார்கள்.
யாரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான்
யாருக்கும் தெரியவில்லை.

பதினெட்டாம் நாள் விடை வந்தது.
கடல் மாறவில்லை.
மிதவைதான் பொய்,
புள்ளி பூஜ்யம் ஒன்பது அளவுக்கு.

'இவ்வளவுக்கா?' என்றான் ஸுல்ஹைரி.
இவ்வளவுக்குத்தான்.

மூன்று வருடப் பதிவை
கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துத் திருத்தினேன்.
மிதவையைத் தள்ளிவைக்கவில்லை.
எவ்வளவு கூட்டிச் சொல்வார் என்று
தெரிந்துபோன சித்தப்பா மாதிரி,
பேசட்டும்.

படிவத்தின் கடைசிக் கட்டம்:
மாதிரி எடுத்தவர் பெயர்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்கள்.
உப்பை எடுத்தவரை?
நொம்வுலாவைக் கேட்டேன்.
கப்பலின் பதிவேட்டில்
இரண்டே எழுத்தாம், டி. எம்.
அப்படியே எழுதினேன்.
ஆணா பெண்ணா, மாலுமியா மாணவரா,
விரல் விறைத்ததா, திட்டிக்கொண்டே நிரப்பினாரா,
எழுதக் கட்டத்தில் இடமில்லை.

மழை விட்டிருந்தது.
பாலத்தில் ஒரு லாரி மட்டும்.
நாற்பத்தொன்று இந்நேரம்
ஆயிரம் மீட்டர் இருட்டில்
யாருடைய கடலிலோ மிதந்துகொண்டிருக்கும்.
அடுத்த வருகை வியாழக்கிழமை.
எனக்கு அன்று விடுப்பு.
ஊய் பார்த்துக்கொள்வார்.