தோற்ற பக்கத்துப் பனியன்

திருப்பூரில் கிலோ நூற்றிருபதுக்கு எடுத்த மூட்டை.
பிரித்தால் முழுக்க ஒரே நிறம், ஊதா மையின் நீலம்.
நெஞ்சில் கொம்பு வைத்த ஏதோ ஒரு மிருகம்,
அதன் கீழே வளைந்து போகும் இங்கிலீஷில்
உலக சாம்பியன்.
முதுகில் நம்பர்.
நல்ல துணி. வியர்வை குடிக்கும்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடினால்
என் கடை திறக்கும்.
மொபெட் கேரியரே கல்லா.
கூட்ஸ் வண்டி கடைசிப் பெட்டி காட்டும்வரைதான் பேரம்.
நடவுக்குப் போகிற ஆட்டோவிலிருந்து இறங்கி
தையல்நாயகி துணியை இழுத்துப் பார்த்தாள்,
வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.
சேலைக்கு மேல் போட்டிருந்த புருஷன் சட்டை
அக்குளில் விட்டுப்போயிருந்தது.
"என்ன பாய் எழுதியிருக்கு?"
"ஜெயிச்சாச்சுன்னு."
"எதுல?"
கேட் திறந்துவிட்டது.
ஆறு பேருக்கு ஆறு, ஐம்பது ரூபாய் பாக்கி.

அன்று ராத்திரி ஒஹாயோவிலிருந்து அக்கா மகன் ரிபாய்.
வீடியோவில் என் பின்னால் மூட்டை தெரிந்ததும்
பேச்சை நிறுத்திவிட்டான்.
"அது எங்க கெடச்சுது மாமா?"
இரண்டு பக்கத்துக்கும் முன்கூட்டியே அடித்துவிடுவார்களாம்.
விசில் ஊதிய நிமிஷம்
ஜெயித்தவன் மேல் பனியன் ஏறிவிட வேண்டும்.
தோற்றவன் பனியன்
அந்த நாட்டில் ஒரு கண்ணில் படக்கூடாதாம்.
"கடைசி நாலு செகண்டு மாமா.
நாங்க தோத்துட்டோம்."

நாங்க.

கூத்தாநல்லூரில் கேரம் போர்டைத் தவிர
எதையும் தொடாத பையன்.
பாஸ்போர்ட் மாறியது போன வருஷம்.
இந்த நாங்க எப்போது மாறியது?
யார் முத்திரை குத்தினார்கள்?
ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால்
பக்கத்து வீட்டுக்காரனோடு சேர்ந்து கத்தினானாம்.
அதுவரை அந்த ஆள்
இவன் பெயரைக் கேட்டதில்லையாம்.

எனக்குப் புரியாமலா?
வேட்டிக் கரையின் நிறம் பார்த்து
சலாமின் உயரத்தை முடிவு செய்கிற ஊர்க்காரன் நான்.
வாக்கு எண்ணுவதற்கு முந்தின ராத்திரி
மன்னார்குடி அச்சாபீஸில்
இரண்டு பேருக்கும் வெற்றிப் போஸ்டர் ஓடும்.
தோற்ற தாள் இரண்டே நாளில் பக்கோடா மடிக்க வரும்.
எண்ணெய் ஊறின வேட்பாளர் முகத்தை
ஒருமுறை நானே பிரித்துத் தின்றிருக்கிறேன்.
அவர்களிடம் அவ்வளவு பக்கோடா இல்லை போலிருக்கிறது.
அதனால் மூட்டை கட்டி
இந்தப் பக்கம் தள்ளிவிடுகிறார்கள்.

பாக்கி வாங்கப் போனேன்.
கோரையாற்றங்கரை, சம்பா நடவு.
முட்டியளவு சேற்றில் ஒரே வரிசையில் ஆறு நீலம்,
எட்டு, பன்னிரண்டு, எண்பத்தெட்டு, மறுபடி எட்டு.
பின்னால் நகர்ந்தே முன்னேறுகிற ஆட்டம்.
குனிந்த நெஞ்சுகளின் எழுத்து
தண்ணீரில் தலைகீழாய் விழுந்து
அந்த மிருகம் சேற்றைக் குடித்துக்கொண்டிருந்தது.
வரப்பில் குடை பிடித்தவர்
பொழுது இன்னும் இருக்கே என்றார்.
எண்பத்தெட்டு நிமிர்ந்தாள்,
பேசின கட்டு முடிஞ்சுது என்றாள்.
ஆறு முதுகும் நிமிர்ந்தது.
அவர் குடையை மடக்கினார்,
பர்ஸை எடுத்தார்.

தையல்நாயகி ஐம்பதைக் கொடுத்தாள், ஈரமாக.
"இதே மாதிரி இன்னும் நாலு வேணும் பாய்,
கீழத்தெரு ஆளுங்களுக்கும்.
எதுல ஜெயிச்சாங்கன்னு சொல்லவே இல்லியே?"
சொல்ல வாயெடுத்தேன்.
மொபெட்டை உதைத்தேன்.

போன வாரம் ரிபாய் மறுபடி கூப்பிட்டான்.
சுற்றி வளைத்து,
உம்மா முட்டிவலி, மழை, எல்லாம் விசாரித்துவிட்டு,
"மாமா, அதுல ஒண்ணு எனக்கு எடுத்து வைங்க.
வெளியில போட மாட்டேன்.
சும்மா, வீட்டுக்குள்ள."

ஒன்றுகூட இல்லையடா.
எல்லாம் வயலில் இருக்கிறது.