உன் பெட், என் பெட்

ஒன்றிலிருந்து நான்கு ஜெபசீலி அக்காவுக்கு.
ஐந்திலிருந்து எட்டு எனக்கு.
நடுவில் கோடெல்லாம் கிடையாது.
தரையில் ஒயரை மூடி ஒட்டிய பிளாஸ்திரி
அங்கே வந்து முடிகிறது, அவ்வளவுதான்.

அவர் நிரந்தரம். தர்மபுரியிலிருந்து
நாகர்கோவிலுக்கு மாறுதல் கேட்டு ஒன்பதாவது வருஷம்.
நான் தொகுப்பூதியம்,
பாலக்கோட்டிலிருந்து ஆறு மணி பஸ்ஸில் வருகிறவள்.
சம்பளம் பற்றி இருவரும் பேசியதில்லை.
டீக்காசை மட்டும்
எப்போதும் அவரே கொடுத்துவிடுவார்.

நான் சேர்ந்த மூன்றாம் வாரம்.
நாலாம் பெட்டில் தீர்த்தகிரி,
எங்கள் ஊர்ச் சந்தையில் தக்காளியைக் கொட்டிவிட்டு
வீட்டுக்குப் போய்
செடிக்கு வாங்கிய மருந்தைக் குடித்தவர்.
அக்கா ஸ்டோருக்குப் போயிருந்தார்.
அலாரம்.
சளி கரகரக்கும் சத்தம் எனக்குத் தெரியும்.
போனேன், உறிஞ்சி எடுத்தேன்,
அலாரத்தை அமர்த்தினேன்,
என் ஆறாம் பெட்டுக்கு ஓடினேன்.
எழுதவில்லை.

அவர் வந்து மறுபடி உறிஞ்சினார்.
நாடி நாற்பதுக்கு விழுந்தது.

அட்ரோபின் ஏறி அது எண்பதைத் தொட்ட பிறகுதான்
என் பக்கம் திரும்பினார்.
"எம் பெட்டத் தொடாதேன்னு சொல்லல மக்ளே.
தொட்டா சொல்லணும், கேட்டியா?
பாதி நீ, பாதி நான் பாத்தா
அந்த மனுசன முழுசா யாரு பாத்தது?"

நிரந்தரத்தின் திமிர் என்று
மருந்துத் தட்டைத் துடைத்துக்கொண்டே
இரண்டு ராத்திரி திட்டினேன், உள்ளுக்குள்.

அப்புறம்
"அக்கா, மூணுக்கு பாட்டில் தீரப்போகுது."
"நீயே மாத்து. எழுது."
"மக்ளே, ஏழுக்கு யூரின் பை நெறஞ்சிருக்கு."
"வரேங்க்கா."
விடிய விடிய
எண்களாலேயே பேசிக்கொள்ளப் பழகினோம்.

நேற்று நாலரை மணிக்கு
என் எட்டாம் பெட் நின்றுபோனது.
டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு நேரம் சொன்னார்.
டியூபுகளைக் கழற்றிவிட்டு
பஞ்சு எடுக்கத் திரும்பினேன்.
எதிர்ப் பக்கம்
துணியின் மறுமுனையைப் பிடித்தபடி அக்கா.
கூப்பிடவில்லை நான்.
சொல்லவும் இல்லை அவர்.
கால் கட்டைவிரல்களை நான் சேர்த்துப் பிடிக்க
அவர் முடிச்சிட்டார்.
நாலு முறை மடித்தும் தாடைக் கட்டு நழுவியது.

பதிவேட்டில் என் கையெழுத்து மட்டும்.
கூட நின்றவர் என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஏழரைக்குப் பகல் ஆட்களிடம்
அவர் நாலு உயிரை ஒப்படைத்தார்,
நான் மூன்றை.

வாசல் டீக்கடையில்
முந்திக்கொண்டு காசை நீட்டினேன்.
கண்ணாடி டம்ளரை ஊதிக்கொண்டே
"எழுதி வச்சுக்கோ" என்றார்.