இரண்டு பாகை

கருமத்தம்பட்டிக் கல்லூரியின் மதிலுக்கு அப்பால்
விசைத்தறிகள்.
இப்பால் என் மேசையில்
திருப்பூர்ச் சட்டைப் பொத்தான் அளவில்
ஒரு கறுப்பு வில்லை. நான்கு கம்பி, வெள்ளிப் பசை.

போன வாரத்து வில்லை
கழித்தல் இருபதிலேயே வழிவிட்டது,
மின்தடை சரியச் சரியக் காந்தமும் ஆனது.

இதுவும் அதே மாங்கனீசு, அதே ஆக்சிஜன்,
உலையில் அதே ஆயிரத்து இருநூறு டிகிரி.
பாதி லாந்தனத்தை மட்டும் எடுத்துவிட்டு
சற்றே சிறிய பிரசியோடைமியம் வைத்தேன்.
இடம் மிஞ்சியது.
மிஞ்சிய இடத்துக்குள்
எண்முகக் கூடுகள் ஒன்றுக்கொன்று சாய்ந்துகொண்டன,
இரண்டு பாகை இருக்கும்.
அந்தக் கோணலைத் தாண்ட
எலக்ட்ரானுக்கு மனசில்லை.

கழித்தல் ஐம்பது. ஒன்றுமில்லை.
எண்பது.
ஃபர்சானா நைட்ரஜன் குடுவையை ஆட்டிப் பார்க்கிறாள்:
"இன்னொரு சொம்பு தேறுமுங்க, அவ்வளவுதான்."
நூறு.
நூற்றுப் பத்தில்
மீட்டரின் எண்கள் பொலபொலவென உதிர்கின்றன.

அந்நேரம் பார்த்து மின்வெட்டு.
ஊர்த் தறிகள் அத்தனையும் ஒரே மூச்சில் நிற்கின்றன.
யூபிஎஸ் கீச்சிடுகிறது.
வில்லைக்குள் அத்தனையும்
ஒரே மூச்சில் ஓடத் தொடங்கியிருக்கின்றன,
விசையைப் போட்டது யாருமில்லை.

ஃபர்சானா செல்போன் வெளிச்சத்தில்
குறிப்பேட்டில் எழுதுகிறாள்:
ஒன்பது நாற்பது. கரண்ட் இல்லை.