ஒரு சாண் குறைத்த சட்டை

நவம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது
உப்சாலாவில்.
கையுறை வேண்டாம், கையைக் கழுவினால் போதும்
என்றார் ஆவணக் காப்பாளர்.
கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டுக் கதை எல்லோருக்கும் மனப்பாடம்:
வல்லோனியாவில் கப்பலேறி
குவார்ன்போ இரும்பாலைக்கு வந்திறங்கிய
கொல்லர் வம்சம் நாங்கள்.
அண்ணன் தோர்கெல் கண்ணாடி முன் நின்று
கருத்த தலைமுடியைச் சீவும்போதெல்லாம்
"பெல்ஜிய ரத்தம்" என்பான்.
அறுபதில் நரைத்தது.
இப்போது சாயம் பூசுகிறான்,
வம்சத்துக்காக.

பாதிரிமார் வீடு வீடாகப் போய்
யாருக்கு வாசிக்க வரும்
யாருக்கு வேதவினா தெரியும் என்று
மதிப்பெண் போட்ட பேரேடு இது.
எங்கள் பெயரை ஒருவர் தெல்வோ என்கிறார்,
அவருக்குப் பின் வந்தவர் தெல்வா,
இன்னொருவர் தேலவோயி.
ஆளாளுக்குக் காய்ச்சி அடித்திருக்கிறார்கள்;
வளைந்ததே தவிர முறியவில்லை.

லாம்பேர் தெல்வோ, தலைமைக் கொல்லன்.
வாசிப்பு: சுமார்.
ஓரத்தில் எறும்பு எழுத்தில்:
"தேவ வசனம் காதில் ஏறுவதில்லை."
நம் குடும்பத்தில் ஒரு நாத்திகன்!
அந்த மகிழ்ச்சி அரை நிமிடம்.
அவன் தம்பிக்கும் அதே குறிப்பு,
மைத்துனனுக்கும்,
எதிர்வீட்டு பஸ்தியானுக்கும்.
நீர்ச்சக்கரம் தூக்கித் தூக்கிப் போடும் சம்மட்டி
நிமிடத்துக்கு நூறு அடி,
இரவும் பகலும், நான்கு மணி நேர முறை வைத்து.
அந்தத் தெருவில் ஆண்கள் எல்லோரும் செவிடு.
பிரசங்கம் முழுவதும்
பெண்கள் தலையில்தான் விழுந்திருக்கும்.

1764. லாம்பேர், மார்ச் மாதம், நெஞ்சுச் சளி.
பிள்ளைகள் நால்வர்.
நால்வர் பெயருக்கு எதிரேயும்
அவனுக்கு முன்னாலேயே போட்ட சிலுவை.

இங்கே நான் பேரேட்டை மூடியிருக்க வேண்டும்.
கணக்கு சரியாக வரவில்லை.
நால்வரும் போய்விட்டார்கள் என்றால்
நான் யார்?

அடுத்த வருடம், அதே வீட்டு எண்.
விதவை மர்யான், முப்பத்தொன்று.
அவளுக்குக் கீழே:
"ஹெய்க்கி, ஃபின்னன், கரி சுமக்கும் பையன், பத்தொன்பது."
மறு வருடம் அவன் ஹென்ரிக்.
அதற்கு மறு வருடம் ஹென்ரிக், அவள் கணவன்.
பாதிரியார் மாறினார், புதுப் பேரேடு வந்தது,
ஹென்ரிக் தெல்வோ, கொல்லன்.
ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

ஆலைக் கணக்கைக் கேட்டு வாங்கினேன்.
கம்பு, உப்பு மீன், மெழுகுவத்தி,
நடுவே ஒரு விதி:
சம்மட்டிக்கு ஆள் தரும் வீட்டுக்கே கூரை;
தராத வீடு மே மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும்.
மர்யான் ஏப்ரலில் ஆள் தந்தாள்.
கையெழுத்துக்குப் பதில்
இரண்டு கோடும் ஒரு புள்ளியும்.

அதே பக்கத்தின் அடியில்:
கொல்லனுக்கான நீளச் சட்டை ஒன்று, பழையது,
விதவையே ஒரு சாண் குறைத்துத் தைத்தது.
கூலி இல்லை.

அந்த ஒரு சாணை
வெகுநேரம் என் விரல்களில் அளந்துகொண்டிருந்தேன்.
லாம்பேர் நெட்டையன்.
என் அப்பாவின் கால்
எந்த நாற்காலியிலும் தரையைத் தொட்டதில்லை.

அவனை அவளுக்குப் பிடித்திருந்ததா?
பேரேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
பிடித்திருக்க வேண்டும் என்று
நான் ஏன் நினைக்கிறேன் என்றும் தெரியவில்லை.
உலைக்கு முன் சட்டை மட்டும் போட்டு நிற்பார்கள்,
உள்ளே ஒன்றும் கிடையாது.
தைத்துக் கொடுத்தவளுக்கு
அளவு தெரிந்திருக்கிறது.

பேருந்து நிறுத்தத்திலிருந்து தோர்கெலை அழைத்தேன்.
வல்லோனியாவும் இல்லை,
கொல்லர் வம்சமும் இல்லை;
கரி மூட்டை தூக்கிய காட்டுப் பையன்
ஒரு செத்தவனின் சட்டைக்குள்ளும்
பெயருக்குள்ளும் நுழைந்துகொண்டான்,
நுழைத்தவள் அவள், என்றேன்.
பனி தூறியது.
அவன் நெடுநேரம் பேசவில்லை.

"முடி?" என்றான் கடைசியில்.
"அவனுக்கு முடியாவது கருப்பா?"

"கரி சுமந்தவன்" என்றேன்.
"என்னது?"
காது மந்தம் அவனுக்கு, நான்கைந்து வருடமாக.
நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்க
இன்னொரு முறை
உரக்கச் சொன்னேன்.