ஈரக்கையுறையின் கணக்கு

எல்லோரும் ஆயிரத்து ஐநூறில் தொடங்கினோம்.
அந்த எண்ணைப் போட்டது நான்தான்,
புந்தா அரேனாஸில், கப்பல் சாமான் கடையின் பின்னறையில்,
பேரேடுகளை மூடிவைத்த பிறகு,
காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த இரவில்.

ஏணி வேண்டும் என்றார்கள்.
யார் மேலே, யார் கீழே என்று
சண்டை போட்டே சலித்துப்போன
நூற்றுப் பதினேழு பேர்.
பனிமூட்டத்தில் கோட்டை கட்டி,
ஆட்டு மந்தை பெருக்கி, பாலம் உடைத்து,
ஒருவர் நாட்டை ஒருவர் தின்கிற விளையாட்டு.
ஆட்டம் முடிய நாற்பது நிமிடம்.
தோற்றவனுக்குத் தூக்கம் வர இன்னும் இரண்டு மணி நேரம்.

விதி எளிது.
வென்றவருக்கு வருவது தோற்றவரிடமிருந்து போவது.
பலவானைச் சாய்த்தால் கைநிறைய,
நோஞ்சானைச் சாய்த்தால் சில்லறை.
வானத்திலிருந்து ஒரு புள்ளியும் விழாது.
பற்று, வரவு.
என் பிழைப்பே அதுதான் என்பதால்
சூத்திரம் எழுத ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மூன்றே மாதத்தில் உச்சியில் எவரிஸ்தோ.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.
பகலில் லாரிக்கு டயர் மாற்றுகிறவன்,
இரவில் ‘மூன்றாம் குதிரை’.
ஏறியவன் ஏணியை உதைப்பான் என்பார்கள்.
இவன் உதைக்கவில்லை,
கீழ்ப்படிகளைத் துடைத்துவிடச் சொன்னான்:
“ஆடாத பெயர்கள் எதற்கு,
பட்டியல் சுத்தமாக இருக்கட்டும்.”

நியாயம்தான் என்று
அடியிலிருந்து ஆரம்பித்தேன்.

நூற்றுப் பதினேழாவது: ‘ஈரக்கையுறை’.
அறுபத்தொரு ஆட்டம். வெற்றி இரண்டு.
எண்ணூற்று எழுபத்து நான்கு.
ஜூலைக்குப் பிறகு ஆளே இல்லை.

அழிக்கப் போன விரலைக்
கணக்கெழுதுகிற புத்தி பிடித்துக்கொண்டது.
ஆயிரத்து ஐநூறோடு வந்தவர்
எண்ணூற்று எழுபத்து நான்கோடு போனார் என்றால்
மீதி அறுநூற்று இருபத்தாறு எங்கே?

எங்கே என்றா கேட்பது.
எங்கள் சட்டைப்பைகளில்.
எவரிஸ்தோவிடம் மட்டும் எண்பத்தெட்டு.
என்னிடம் பதினொன்று.
அந்த ஆட்டம் எனக்கு நினைவே இல்லை.

ஒவ்வொன்றாகத் திறந்து ஓடவிட்டேன்.
ஐம்பத்தொன்பது தோல்வியில்
நாற்பத்தாறு ஒரே அச்சு.
சுவர் எழுகிறது, பாலத்தில் காவல் நிற்கிறது,
பொறுமையான கை, கொஞ்சம் மெதுவான கை.
இருபதாவது நிமிடம் வாக்கில் எல்லாம் உறைகிறது.
ஆடுகள் மேய்ந்த இடத்திலேயே நிற்கின்றன.
எதிரி நடந்து வந்து
கேட்பாரில்லாத கதவைத் திறக்கிறான்.

தொடர்பு அறுந்தால் தோல்வி.
நான் எழுதிய ஏழாவது விதி.

துறைமுகம் தாண்டி இருபது நிமிடத்தில்
சிக்னல் செத்துவிடுகிறது என்று
கடைக்கு வரும் படகுக்காரர்கள் திட்டாத நாளில்லை.
பேரேட்டை எடுத்துத் தேதி பார்த்தேன்.
அவர் வென்ற இரண்டு நாளும்
காற்றுக்குப் பயந்து துறையை மூடியிருந்த நாட்கள்.
ஜூலை முதல் வாரம்
தெற்குக் கால்வாய்களுக்கு நண்டு பிடிக்கப் போன ஒரு படகு
பன்னிரண்டு ஜோடி ரப்பர் கையுறை
கடனில் எடுத்திருந்தது.
கையெழுத்து என்னுடையது.

ஏழாவது விதியை அடித்தேன்.
அறுந்த ஆட்டம் ஆட்டமில்லை.
முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும்
திரும்பக் கூட்டவிட்டுத் தேநீர் போட்டேன்.

எவரிஸ்தோ மூன்றாமிடம்.
நான் எழுபதிலிருந்து எழுபத்து நான்கு.
ஈரக்கையுறை மேதை ஒன்றுமில்லை,
எண்பத்தொன்று,
என் தெருவிலேயே ஏழு வீடு தள்ளி.

விடிவதற்குள் அறுபத்து மூன்று கடிதம்.
திருடி என்றார் ஒருவர்.
ஸ்லாவ்கா என்கிற பெண்
தனக்கு நாலு புள்ளி கூடியதற்கு நன்றி சொன்னாள்;
எப்படிக் கூடியது என்று கேட்கவில்லை.

எவரிஸ்தோ இரண்டு நாள் வாய் திறக்கவில்லை.
மூன்றாம் நாள், டயர்க் கடை மூடுகிற நேரம்,
ஒரே வரி வந்தது:

“நண்டுப் படகுகள் எப்போது திரும்பும்?”

நவம்பர் கடைசி, என்று எழுதினேன்,
காற்று விட்டால்.